நிஷாந்துக்கு நாம் கொடுக்கவிருந்த தேத்தண்ணி

அவைத் தலைவர் இராசையா அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பெரகலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பெரியோர்களே, முன்வரிசையில் காலை நீட்டி அமர்ந்திருக்கும் நிஷாந்த் அவர்களே, அவர் அப்படி அமர்ந்திருக்கக் காரணமான நம் தோட்டத்து நர்ஸ் ஜெயந்தினி அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சென்ற மாதம் தேயிலையை வெட்ட வேண்டிய கவ்வாத்துக் கத்தி, வழுக்கி நிஷாந்தின் தொடையை வெட்டியது. பீறிட்டது இரத்தம், பதறியது மலை. மருந்தகத்துக்குத் தூக்கி வந்தோம். ஜெயந்தினி என்ன செய்தார்? மல்லாக்கப் படுக்க வைத்தார். காயத்தை அழுத்திக் கட்டினார். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, கையில் சேலைன். நாம் என்ன செய்தோம்? கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினோம்.

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். காயத்துக்கு மட்டும் வேறா?

"சீனி போட்டு ரெண்டு மடக்கு குடுங்க, ரத்தம் ஊறும்" என்றார் ஒருவர். "நிமித்தி உட்கார வைங்க" என்றார் இன்னொருவர். ஆமாங்க தலைவரே, நீங்கள்தான். கோப்பையோடு போய் முகமூடியைக் கழற்றப் பார்த்தவர் யார்? நான். இருபது ஆண்டு விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார்.

ஜெயந்தினி என் கையைத் தட்டிவிட்டார்.

"சேர், மிச்சம் இருக்கிறதே கொஞ்ச ரத்தந்தான். அது முடிஞ்ச மட்டும் ஆக்சிஜன் சுமக்கணும்னா இது மூஞ்சில இருக்கணும். ஓட்டம் நின்னுடாம இருக்கத்தான் சேலைன். அதுவும் ரத்தம் ஆகாது, ரத்தம் கெடைக்கிற வரைக்குந்தான். ஆப்பரேஷனுக்குப் போற ஆளு, வாயில ஒன்னும் ஊத்தாதீங்க. தேத்தண்ணிய நீங்க குடிங்க, ஆறிடப் போகுது."

குடித்தேன்.

நூலாக இழைந்த நாடியோடு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார் நிஷாந்த். அங்கே நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் கண் விழித்தவர் மனைவி விதுஷாவிடம் முதலில் கேட்டது என்ன? "கத்திய யாரு எடுத்து வச்சா?" விதுஷா அழுதுகொண்டே திட்டினாராம். திட்டுக் கேட்கும் அளவுக்கு ஆள் தேறிவிட்டார் என்று அப்போதுதான் நமக்கு மூச்சு வந்தது.

அந்த நான்கு பையும் யாருடையவை? மொனராகலையில் கரும்பு வெட்டுகிறவருடையதா, பதுளையில் கடை வைத்திருப்பவருடையதா? தெரியாது. நம்முடையது ஒரு சொட்டும் இல்லை. அது மட்டும் தெரியும்.

பக்கத்து அறையில் இரத்த வங்கிக்காரர்கள் கட்டில் விரித்துக் காத்திருக்கிறார்கள். யார் முதலில் என்று நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் போகிறேன். தலைவரும் வருகிறார், அவருக்கு இப்போதுதான் தெரியும். பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி, பின்னால் வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு வணக்கம்.