தாமோதரன் திருப்பிக் கொடுத்த சாவி

— எடுத்துடுங்க மேடம். நான் இங்க உக்காந்திருக்கும்போதே எடுத்துடுங்க.

— எதை?

— என் அட்மினை. அதாவது... வெப்சைட்டுல என் பேருக்கு நீங்க போட்டுக் குடுத்த கணக்கை. முழுசா நீக்கிடுங்க.

— தாமோதரன், நாளைக்கழிச்சு ஆவணி ஒண்ணு. அன்னிக்கு வெப்சைட்டைத் திறக்கறோம்னு திருக்கழுக்குன்றம் பூரா போஸ்டர் ஒட்டியாச்சு. திருமணத் தகவல் மையம் நடத்துறவளுக்கு வருஷத்துல ஆடி மாசம் மட்டும்தான் ஓய்வு. அதையும் உங்களோட இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே கழிச்சிருக்கேன். இப்ப வந்து என்னை எடுத்துடுங்கன்னா? நேராச் சொல்லுங்க.

— வேலையை விட்டுட்டு ஓடலை மேடம். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு. நீங்க உங்க கணக்குல உள்ள போங்க, நான் பக்கத்துல இருந்து சொல்றேன், நீங்களே அழுத்துங்க. என் கையில சாவி வேண்டாம்.

— அய்ய, இன்னாடி சுந்தரி, காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்? டீ ஆறிகினு கீது.

— அத்தை, நீயும் வந்து கேளு. இவருக்கு அட்மின் வேணாமாம்.

— வேணாமா? ஆடி பொறந்தப்போ அதுக்குத்தானே நைனா மல்லுக்கு நின்ன? முழுசாக் குடுத்தாத்தான் வேலை ஓடும், சின்னக் கணக்கை வெச்சிகினு ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுன்னியே?

— அதாவது... அப்ப வேணும்தான் அத்தை.

— மேடம்னு சொல்றது அவளுக்கு, அத்தைன்றது எனக்கா? நல்லா கீதுப்பா உன் நாயம்.

— அத்தை, நீ சும்மா இரு. தாமோதரன், உங்களுக்கு அந்தச் சாவியைக் குடுக்க நான் எவ்வளவு யோசிச்சேன்னு தெரியுமா? மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிச்சேன். கேளம்பாக்கத்துல உங்க வாடகை வீட்டுக்காரர், முன்னாடி வேலை பார்த்த கம்பெனி மேனேஜர், நீங்க வெப்சைட் போட்டுக் குடுத்த மரக்கடைக்காரர், எல்லாரையும் கேட்டேன்.

— தெரியும். வீட்டுக்காரர் வந்து, "என்னப்பா, பொண்ணு வீட்லேர்ந்து ஃபோன் வந்துச்சு, நல்லபடியாச் சொல்லியிருக்கேன்"னாரு.

— அது அவரா நெனைச்சுக்கிட்டது. எனக்குக் கேக்கத் தெரிஞ்ச முறை அது ஒண்ணுதான். இந்தப் பையன் குடிப்பானா, வாக்கு மாறுவானா, ஏன் வேலையை விட்டான்...

— விடலை மேடம். அமெரிக்காவுல ஏதோ பேங்க் கவுந்துச்சு, கேளம்பாக்கத்துல எனக்கு வேலை போச்சு.

— அதையும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எடுத்தேன். அப்புறமும் டொமைன் என் பேர்ல, சர்வர் என் பேர்ல, பெரிய கணக்கு என் கையில. உங்களுக்குத் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. ஏன்னு உங்களுக்கே தெரியும். பழைய வெப்சைட்டைப் பார்த்துக்கிட்ட வரதனும் இப்படித்தான் போனான்.

— நான் வரதன் இல்லை.

— அவனும் ஒருநாள் காலையில இதே நாற்காலியில உக்காந்து, "அக்கா, நான் கிளம்புறேன், எல்லாம் முடிச்சிட்டேன்"னுதான் சொன்னான். பழைய வெப்சைட்டையே அவன் பேர்லதான் வாங்கியிருந்தான். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் எழுதி மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருந்தோம், முட்டாளுங்க மாதிரி. அவன் போன அடுத்த மாசம் நம்ம பொண்ணுங்க ஃபோட்டோவும் ஃபோன் நம்பரும் இன்னொரு மையத்துல இருக்கு. நிச்சயமான பொண்ணுக்கு எவனோ ஃபோன் பண்ணி, உன் ஃபோட்டோ பார்த்தேன்னு பேசியிருக்கான். அந்தக் கல்யாணம் நின்னுது. அவ அப்பா இந்த வாசல்ல வந்து நின்னாரு. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

— அந்தாளு முகத்த என்னாலயும் மறக்க முடியல. அதுக்கப்புறம் இவ மையத்துப் பேரை மாத்தி, போர்டை மாத்தி, ஒவ்வொரு வூடாப் போயி கையெடுத்துக் கும்பிட்டுத்தான் திரும்ப ஜாதகம் வாங்கிகினு வந்தா.

— அதனாலதான் கேக்கறேன். இன்னொரு தடவை அந்த மாதிரி ஒரு அப்பா வந்து நின்னா, நான் மையத்தை மூடிட்டுப் போயிடுவேன். என்ன பண்ணீங்க? எதையாவது காப்பி எடுத்தீங்களா?

— இல்லை.

— உங்க பாஸ்வேர்டு வேற யார்கிட்டயாவது போயிடுச்சா? கூட இருக்கிற பசங்க யாராவது?

— இல்லை மேடம்.

— பிரௌசிங் சென்டர்ல உக்காந்து திறந்தீங்களா?

— ஒரு தடவைகூட இல்லை. இந்தாங்க லேப்டாப். நீங்களே தேடிப் பாருங்க. ஒரு ஃபோட்டோ, ஒரு நம்பர் இதுல இருந்தா நான் மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு தோப்புக்கரணம் போடறேன்.

— தோப்புக்கரணம் வேணாம். காரணம் வேணும்.

— பார்க்கக் கூடாத ஒண்ணைப் பார்த்துட்டேன்.

— தே, கரண்ட்டு போற நேரம். டீயைக் குடிங்க மொதல்ல. சுந்தரி, அந்த யூபிஎஸ் வேற கத்தும், பேஜாரு.

— கரண்ட்டு போக இன்னும் நேரம் இருக்கு அத்தை. என்ன பார்த்தீங்க தாமோதரன்?

— அதாவது... ஒரு பொண்ணோட பதிவு. வெளியில காட்டாம மறைச்சு வெச்சது. மத்த யார் திறந்தாலும் தெரியாது. அட்மினுக்கு மட்டும் தெரியும்.

— மறைச்சு வெச்சதா? நான் எதையும் மறைச்சு வெக்கலையே. எத்தனாவது பதிவு?

— முதல் பதிவு.

— சுந்தரி, இத்தப் பாரு, அந்தாண்ட தெருக்காரம்மா உன்னைக் கூப்புடுறாப்புல கீது...

— யாரும் கூப்பிடலை அத்தை. நீ ஏன் எந்திரிக்கிற? உக்காரு. நான் திறக்கறேன்... முதல் பதிவு... அத்தை!

— இன்னாடி.

— என்ன அத்தை இது? என் ஃபோட்டோ. என் நட்சத்திரம். எதுக்கு இதைப் போட்ட?

— பின்ன? புதுசா ஒண்ணு தொடங்கும்போது மொத ஜாதகம் வூட்டுப் பொண்ணோடதா இருக்கணும்னு உங்கப்பன் காலத்துலேர்ந்து வழக்கம். மையத்துக்கு நோட்டு போட்டப்போ என் ஜாதகத்ததான் மொத எழுதினான். கம்ப்யூட்டர்னா மட்டும் வழக்கம் மாறிடுமா? வெளிய தெரியவேணாம்னு அந்த டிக்கை எடுத்துட்டேன். டிக்கை எடுத்துட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த?

— வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். உள்ள இருக்கிற அட்மினுக்கு எல்லாம் தெரியும்.

— அத்த யாரு எனக்குச் சொன்னா?

— இது என்ன, குறிப்பு வேற எழுதியிருக்க... "கோவம் வரும், அரை மணியில போயிடும். சமையல் சுமாரு. கணக்குல கெட்டி." அத்தை, உன்னை...

— பொய்யா எழுதினேன்? சமையல் சுமாருதானே?

— "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பாக்கும். தனக்குன்னா அப்புறம்னு சொல்லும். ஒரு கல்யாணம் முடிச்சு வெச்சிட்டு வந்தா ரொம்ப நேரம் மொட்டை மாடியில தனியா நிக்கும். கேட்டா காத்து வாங்குறேன்னு சொல்லும்..."

— மேடம், அதுக்கு மேல படிக்க வேணாம். அதாவது, என் எதிர்ல வேணாம்.

— நீங்கதான் படிச்சிட்டீங்களே.

— படிச்சிட்டேன். அதான் சொல்றேன். அந்த வரி எனக்குக் காட்டறதுக்காக எழுதினது இல்லை. என்கிட்ட சாவி இருந்துச்சு, அதனால படிச்சேன். முதல் தடவை தெரியாமத்தான் பார்த்தேன். ஃபோட்டோ சரியா வருதான்னு ஒவ்வொரு பதிவாத் திறந்துக்கிட்டு வந்தேன், இது வந்துச்சு. மூடிட்டேன்.

— முதல் தடவைன்னா?

— ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் திறந்தேன்.

— அடி ஆத்தி.

— ராத்திரி வீட்டுக்குப் போய் யோசிச்சேன். இன்னிக்கு உங்க பதிவைத் திறக்கத் தோணினவன்கிட்ட இத்தனை வீட்டுப் பொண்ணுங்களோட சாவியை வெக்கலாமா? என்னைக் கேட்டா வெக்கக் கூடாது. அதான் காலையில முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன்.

— மத்த பொண்ணுங்க யாரோடதையாவது ரெண்டாவது தடவை திறந்தீங்களா?

— இல்லை. யார் யார் எப்ப எதைத் திறந்தாங்கன்னு சர்வர்ல பதிவாகும். எங்க பார்க்கணும்னு காட்டறேன், என்னை நம்ப வேணாம், அதைப் பாருங்க.

— பார்க்கத்தான் போறேன். நீங்க சொல்லலைன்னாலும் பார்ப்பேன்... ம். சரி. இல்லை. ரெண்டாவது தடவை திறந்தது இது ஒண்ணுதான். ஏன் திறந்தீங்க?

— அதைச் சாவி கையில இருக்கும்போது சொல்ல மாட்டேன் மேடம்.

— இன்னா பேச்சுடி இது... நைனா, நீ சாதாரண ஆளு இல்ல.

— அத்தை, வாயை மூடு. சரி தாமோதரன். நீக்கறேன். முதல்ல ஒரு முழு பேக்கப் எடுத்துக்கறேன். நீங்க நல்லவரா இருக்கிறது வேற, வேலை முறை வேற.

— கண்டிப்பா எடுங்க. நானே சொல்லலாம்னு இருந்தேன்.

— எடுத்தாச்சு. உங்க பேருக்கு நேரா "நீக்கு"... இது என்ன கேக்குது? இந்த ஆளு செஞ்சதையெல்லாம் அழிச்சிடவா, இல்லை வேற ஒருத்தர் பேருக்கு மாத்தவான்னு கேக்குது.

— கவனம் மேடம். அழின்னு குடுத்தா நான் ஆடி முழுக்கச் செஞ்ச பக்கமெல்லாம் போயிடும். யார் பேருக்காவது மாத்திடுங்க.

— என் பேருக்கு மாத்திட்டேன்.

— சரி.

— வேற ஏதாவது உங்க கையில இருக்கா?

— ஆமா மேடம். சர்வர் பாஸ்வேர்டு ஒண்ணு இருக்கு, அதுவும் எனக்குத் தெரியும். அதையும் மாத்துங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— அய்யே, பாருடி சுந்தரி, செவுத்தப் பாத்து நிக்குது புள்ள. ஸ்கூல்ல தண்டனை குடுத்த மாதிரி.

— மாத்திட்டேன். மெயிலுக்கும் மாத்திட்டேன். திரும்புங்க. இப்ப உங்க லேப்டாப்புல உள்ள போய்ப் பாருங்க, போகுதான்னு.

— போகலை. பயனர் பேரே தப்புன்னு சொல்லுது.

— நல்லது. இப்ப நீங்க வெளி ஆள். என் வெப்சைட்டுல உங்களுக்கு ஒரு செங்கல் மேலகூட உரிமை இல்லை. இப்பச் சொல்லுங்க, நேராச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை ஏன் திறந்தீங்க?

— அதாவது...

— அதாவதை விடுங்க.

— அந்த மொட்டை மாடி வரி. ஒரு மாசமா இந்த மேஜைக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். நீங்க ஃபோன்ல அத்தனை அப்பாம்மாவையும் அதட்டறதைக் கேட்டிருக்கேன், சிரிக்க வெக்கறதைக் கேட்டிருக்கேன். இவங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னு நெனைச்சிருந்தேன். அது நிஜமான்னு இன்னொரு தடவை படிச்சுப் பார்க்கணும்போல இருந்துச்சு. படிச்சதும், அந்த மாடியில நீங்க தனியா நிக்கறது எனக்குப் பிடிக்கலை.

— ம். மேல சொல்லுங்க.

— அச்சரப்பாக்கத்துல எங்க அம்மா இருக்காங்க. அவங்களை அழைச்சிட்டு வரலாமான்னு கேக்க வந்தேன்.

— வந்தா மையத்துல பதிவு பண்ணிக்கலாம். ஆவணி ஒண்ணுலேர்ந்து ஒன்பது மணிக்குத் திறந்திருப்போம்.

— மையத்துக்கு இல்லை மேடம். வீட்டுக்கு.

— சுந்தரி... ஏதாச்சும் சொல்லு. அரை மணி கோவம் இப்பயே வந்துடப் போவுது, புள்ள பாவம்.

— சொல்றேன். தாமோதரன், எனக்கு முப்பது வயசு. தெரியுமா?

— முதல் பதிவுல இருந்துச்சு.

— சமையல் சுமாரு.

— அதுவும் இருந்துச்சு. எனக்குச் சமையல் வரும்.

— கல்யாணம் ஆனாலும் மையத்தை விட மாட்டேன். பெரிய கணக்கு என் கையிலதான் இருக்கும். வீட்டுக்காரரா இருந்தாலும் சாவி குடுக்க மாட்டேன்.

— நான் கேக்கவும் மாட்டேன். வேலை இருந்தா பக்கத்துல உக்காந்து சொல்றேன். நீங்க அழுத்துங்க.

— ம். அத்தை, எந்திரி. இங்க வா. உன் கணக்குல உள்ள போ. அந்த முதல் பதிவை நீயே அழிச்சிடு. இப்பவே. சுத்தமா.

— அய்யோ, கோச்சிக்காதடி. நான் எழுதினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு? இம்மாந்தூரம் ஒழுங்காப் பேசினவனப் போயி... புடிக்கலன்னா அத்த வேற மாதிரி சொல்லக் கூடாதா?

— நிச்சயமான பொண்ணோட பதிவை நம்ம மையத்துல எப்ப அத்தை வெச்சிருந்தோம்?