காதுக்குத் தூக்கமில்லை

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், டாக்டர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை டாக்டர் என்ற முறையில், அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் தையல்காரி. சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே போடுகிறேன்.

ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். குக்கர் விசில், என் தையல் மெஷின், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கிற சத்தம், எதற்கும் அசைய மாட்டார். மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். நான் போட்டது போட்டபடி ஓடி வருவேன். அவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். கொடுத்துவைத்த மகராசன் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் சமையலறையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. சூப்பர்வைசருக்கென்று தனியாக வைத்திருந்த மணி அது. பெற்ற பிள்ளையின் அலறலுக்கு அசையாதவர், அந்த மெல்லிய மணிக்கு விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "வந்துட்டேன் சார்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் கேட்டேன். தூங்கும்போதும் காது திறந்துதான் இருக்குமாம். மூளை வாசற்காவலாளி மாதிரி ஒவ்வொரு சத்தத்தையும் விசாரித்து, முக்கியமானதை மட்டும் உள்ளே விடுமாம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இவர் நடிக்கவில்லை, பாவம். இவருடைய மூளைதான் மகளின் அழுகையை, 'நமக்கில்ல, அவ பாத்துப்பா' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

மூளையோடு எனக்கென்ன சண்டை? தப்பாக விழுந்த தையலைப் பிரித்துத் திரும்பப் போட வேண்டியதுதான். மகளின் அழுகையை என் போனில் பதிவு செய்தேன். அவர் தூங்கும்போது சூப்பர்வைசர் மணியை ஒலிக்கவிட்டு, கூடவே அழுகையையும் வைத்தேன். தினமும் மணியைக் கொஞ்சம் குறைத்தேன், அழுகையைக் கொஞ்சம் கூட்டினேன். பதினோராம் நாள் வெறும் அழுகைக்கே எழுந்தார். அரைக்கண்ணோடு போய்த் தொட்டிலை ஆட்டிவிட்டு வந்து படுத்தார். பிறகு கேட்டால் ஒன்றுமே நினைவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுந்து நிற்கிற மனிதரைச் சும்மா படுக்கவிட மனம் வரவில்லை. "என்னங்க, அந்த ரெண்டு பாத்திரம்" என்று காதோரம் சொல்லிப் பார்த்தேன். கழுவினார், பளிச்சென்று கழுவினார். பிறகு துணி அலசிக் காயப்போட்டார், வீடு பெருக்கினார். ஒருமுறை பொத்தான்கூடத் தைத்தார். அது கோணலாக இருந்ததால் தையல் வேலை மட்டும் கொடுப்பதில்லை. மூன்று மணிக்கு எழுந்து, "நல்லாத்தான் தூங்கினேன், உடம்பு ஏன் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது? விரலெல்லாம் ஏன் ஊறிப்போயிருக்கு?" என்பார். அடுப்பு வெக்கைக்கு அப்படித்தான் ஆகும் என்பேன்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போனில் இருப்பவளுக்கு மட்டும் இன்னும் மூன்று மாதம்தான்.

போன வாரம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்ணை அழைத்துப்போக அவள் கணவன் கைக்குழந்தையோடு வந்திருக்கிறான். குழந்தை அழுதிருக்கிறது. அடுப்பருகே கண்ணயர்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். காதோரம் சொல்ல நான் அங்கே இல்லை. பழகிய உடம்பு, வரிசையாகச் செய்திருக்கிறது. உள்ளே ரொட்டி கரிந்துகொண்டிருக்க, நூற்றிருபது தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, அத்தனை பேருடைய ஏப்ரனையும் அலசிக் காயப்போட்டிருக்கிறார். சூப்பர்வைசர் பிடித்து உலுக்கியபோது மேனேஜர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம்.

இனி உங்கள் சான்றிதழை வைத்துத்தான் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? நிஜமாச் சொல்லு. தூக்கத்துல எப்பப் பாரு ஒரு குழந்தை அழுவுது" என்று தேம்பினார். எனக்கும் தாங்கவில்லை, கண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அவர் தலையைக் கோதிவிட்டேன்.

அவருக்குப் பைத்தியம் இல்லை, டாக்டர். தங்கமான மூளை, சொன்னதைக் கேட்கிறது. செய்தது நான். ஏழு வருடமாக அவரை ஒருநாள்கூட முழுசாகத் தூங்கவிடவில்லை. அவர் வேலையைக் காப்பாற்றிக் கொடுங்கள். மனசாட்சி உறுத்தித்தான் இதை எழுதுகிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

நீங்கள் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். நாலு நாளாக அழுகையை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், ஊறவைத்த துணியெல்லாம் நாற ஆரம்பித்துவிட்டது.