நார்மல் கால்

ஆமா அண்ணா, திறந்ததுதான். இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? கம்பெனி போட்ட சாஃப்ட்வேர் பூட்டை ஒருதடவை திறந்த ஃபோன்னு உங்க கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்துல காட்டுதே, அது பொய் சொல்லாது. திறந்தவ நான்தான். ஏன் அப்படிப் பார்க்குறீங்க? பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னா? எங்க யூனிவர்சிட்டில பாதிப் பேரோட ஃபோனை நான்தான் திறந்துவிட்டேன். சாவிக்காரின்னே பட்டப்பேரு. ப்ரொஃபசர் ஒருத்தரே வருகைப் பதிவுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, அப்புறம் இருமிச் சமாளிச்சாரு.

என்னது? இந்தக் காலத்துல எவன் உக்காந்து ஃபோன் சாஃப்ட்வேரை மாத்துறான், அதுல என்ன பிரயோஜனம்னா? அண்ணா, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க. நீங்க பாட்டுக்குத் தேடுங்க, நான் பேசுறேன். அம்மா அதோ ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெஞ்சுல உக்காந்திருக்காங்க பாருங்க, மடியில கைப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. உள்ள வாம்மான்னேன், கடைக்குள்ள மூச்சு முட்டுதுன்னாங்க. அதெல்லாம் இல்ல. நீங்க என்ன சொல்லப்போறீங்களோன்னு பயம். இது எங்க சித்தியோட ஃபோன். சித்தி போய் அஞ்சு மாசமாச்சு. இதுல அழிஞ்சுபோனதைத் தோண்டி எடுக்க முடியுமா முடியாதா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க.

சரி, பிரயோஜனத்துக்கு வருவோம். காசு குடுத்து ஒரு வீடு வாங்குறீங்க. பத்திரமெல்லாம் உங்க பேருலதான். ஆனா சாவி கட்டினவன்கிட்டதான் இருக்கும், சமையல்கட்டுல அலமாரியைக்கூட நீங்க நகர்த்தக் கூடாது, மூணு வருஷம் கழிச்சு அவன் வந்து, இனிமே இந்தக் கூரை ஒழுகினா எங்களைக் கேக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவான். நீங்க ஒத்துக்குவீங்களா? ஃபோன்னா மட்டும் ஏன் ஒத்துக்குறோம்? நல்ல ஸ்க்ரீன், நல்ல பேட்டரி, கீறல் இல்ல, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அப்டேட் நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். ஒவ்வொண்ணா வேலை செய்யாம போகுது. குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுச்சாம், அந்தக் கதை.

சித்தி லேபிள் அச்சடிக்கிற கம்பெனில ஸ்டோர்ல இருந்தாங்க. மருந்து பாட்டில் மேல ஒட்டுறது, ஷாம்பூ பாட்டில் மேல ஒட்டுறது, ரோல் ரோலா வரும், அதை எண்ணி அடுக்கி வைக்கணும். ஒரு பொருளைத் தூக்கிப் போடவே மனசு வராது அவங்களுக்கு. குடைக்கம்பி உடைஞ்சா கட்டு போடுவாங்க. இந்த ஃபோன் ஒரு மெசேஜ் திறக்கவே மூச்சு வாங்குச்சு. புதுசு வாங்கலாம் சித்தின்னு சொன்னா, ஏன்டி, இது என்ன உன்னைக் கடிச்சுச்சாங்குறாங்க. சரி, நான் திறந்துவிடுறேன்னேன். உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க சம்பளம் வாங்காம எழுதின சாஃப்ட்வேர் அண்ணா, அதை ஏத்தினேன். ஒரு சாயங்காலம். திரும்பக் கையில குடுத்ததும் தடவிப் பார்த்துட்டு, வயசு குறைஞ்சு வந்திருக்குடி, என்னையும் இப்படி ஒயர்ல மாட்டிவிடுடின்னாங்க. அப்புறம் மூணு வருஷம் ஓடுச்சு. இப்ப சொல்லுங்க, பிரயோஜனம் இல்லையா?

தெரியும், தெரியும், பேங்க் ஆப்புன்னு ஆரம்பிப்பீங்க. திறந்த ஃபோன்னா அது உள்ள விடாது. ஊரான் எவனோ எழுதின விளையாட்டை எல்லாம் இறக்கி வச்சிருக்கிற ஃபோனை விடும், சொந்தக்காரியே கைவச்ச ஃபோனை விடாது. என்ன நியாயம் இது? சித்தி அதுக்கும் கவலைப்படல. நான் நடந்தே போய் வரிசையில நின்னுக்குறேன், அங்க நாலு பேர்கிட்டப் பேசலாம்னாங்க. இப்ப வர்ற ஃபோனுக்கு ஏழு வருஷம் அப்டேட் தர்றாங்களாம், அதனால திறக்கவே தேவையில்லையாம். ஏழு வருஷம் கழிச்சு? அப்ப மட்டும் அது யாரோட ஃபோன்? இதைத்தான் நான் மேடை போட்டுக்கூடக் கேட்டிருக்கேன். கைதட்டுவாங்க, அவ்வளவுதான்.

ஹ்ம். நீங்க என்னடான்னா ஒயரை ஆட்டிப் பார்க்குறீங்க.

இல்ல, குறையே இல்லைன்னு சொல்ல வரல. ஒரு குறை இருக்கு. நான் ஒருத்தர் ஃபோனை மாத்தினா முடிச்சதும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிப்பேன். கேமரா, டார்ச், கைரேகை, ஸ்பீக்கர், வைஃபை, கால். சித்தி ஃபோனுக்கும் அடிச்சேன். கால்ங்கிறதுக்கு என்ன பண்ணேன் தெரியுமா? சித்தியைக் கூடத்துல உக்காரவச்சு, நான் அடுப்படிக்குப் போய், மெசேஜ் ஆப்லேர்ந்து கால் போட்டேன். மூஞ்சி தெரிஞ்சுச்சு, குரல் கேட்டுச்சு, சிரிச்சோம், டிக். எங்க வீட்டுல கால்னாலே அதுதான் அண்ணா. மத்ததை நாங்க நார்மல் கால்னு சொல்லுவோம். அது நாங்க யாரும் போடவே மாட்டோம். டெலிவரிக்காரர் வழி கேட்டாத்தான் நார்மல் கால்.

அப்ப போட்டிருந்தா போயிருக்கும், அது வேற விஷயம். ஒரு வருஷம் முன்னால நெட்வொர்க் கம்பெனி பழைய லைனை நிறுத்திட்டாங்கல்ல? ஞாபகம் இருக்கா? அப்புறம் நார்மல் காலும் புது லைன்லதான் போகணும்னு ஆயிடுச்சு. அதுக்கு ஃபோன் கம்பெனியோட சொந்த ஃபைல் ஒண்ணு வேணும். அதை அவங்க வெளிய தரமாட்டாங்க, அதனால மாத்தின சாஃப்ட்வேர்ல பல மாடலுக்கு அது கிடையாது. நெட் வரும், படம் வரும், ஆப்ல பேசலாம். நார்மல் கால் மட்டும் போகாது, வராது. மேல டவர் கோடு முழுசா நிக்கும், பார்க்க எல்லாம் சரியாத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரியும். தெரியாம கடை வச்சிருப்பீங்களா.

எனக்கும் தெரிஞ்சிருக்கணும். லைனை நிறுத்துறதுக்கு முன்னாலயே சித்திக்கு மெசேஜ் அனுப்பினாங்க அண்ணா. உங்கள் கைபேசி விரைவில் அழைப்புகளை ஏற்காது, மாற்றிக்கொள்ளவும்னு. சித்தி கண்ணாடியை நெத்தில தூக்கிவிட்டுக்கிட்டு எனக்குப் படிச்சே காட்டினாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஃபோனை மாத்து மாத்துன்னு பயமுறுத்துறதே இவங்க பொழப்பு சித்தி, எல்லாம் ஏமாத்து, அழிங்கன்னேன். அதோட விட்டேனா? கம்பெனிக்காரங்க எப்படியெல்லாம் விக்கிறாங்கன்னு அரைமணி நேரம் சொற்பொழிவு. சித்தி கன்னத்துல கை வச்சுக் கேட்டாங்க. என் பேச்சுன்னா அவங்களுக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மா ஒருத்திதான், உன் வாய்க்கு ஒருநாள் பூட்டு போடணும்டின்னு சொல்றது.

அம்மாவா? எந்திரிக்கல, உக்காந்துதான் இருக்காங்க. கடைவாசலையே பார்க்குறாங்க.

அம்மாவுக்கும் சித்திக்கும் சண்டை அண்ணா, சித்தி இறந்த அந்த வாரம். அக்கா தங்கச்சின்னா சண்டை இல்லாமயா? ஒரு சொந்தக்காரங்க வீட்டுல நாலு பேர் முன்னாடி அம்மா வாய்தவறி, இவ யாரோட ஒத்துப்போனா, அதான் தனிக்கட்டையா நிக்கிறான்னு சொல்லிட்டாங்க. சித்தி அப்படியே எந்திரிச்சுட்டாங்க. வெளிய வந்து, செருப்பு போட்டுக்கிட்டே, செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டா என்னை ஏன்னு கேளுன்னுட்டுப் போயிட்டாங்க. எப்பவும் சொல்றதுதான். மூணாவது நாள் தானா வந்து, காப்பி இருக்கான்னு கேப்பாங்க. இந்தத் தடவை மூணாவது நாள்தான் அது நடந்துச்சு.

நெஞ்சுவலி. பட்டப்பகல், பதினொண்ணே முக்கால் இருக்கும். உடம்பு அசதியா இருக்குன்னு வேலைக்குப் போகல. வீடு ரெண்டு தெரு தள்ளி. அம்மா எங்க வீட்டுல சும்மாதான் உக்காந்திருந்தாங்க, கையில ஃபோனோட. குழாய் நிக்காம ஓடுதேன்னு கீழ்வீட்டம்மா நாலு மணிக்கு மேல போய்ப் பார்த்திருக்காங்க. அரைமணி நேரத்துல கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அம்மா காதுபடச் சொன்னாரு.

ஃபோன் கைக்கு எட்டுற தூரத்துல கிடந்துச்சு.

அதுதான் அம்மாவை அரிக்குது. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாளே பாவிங்குறாங்க. சோத்துல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாங்க. இந்த ஃபோனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு, கால் லிஸ்டைத் திறந்து பார்ப்பாங்க. ஒண்ணும் இருக்காது. வெள்ளையா இருக்கும். மூடிட்டு மறுபடி திறப்பாங்க. நேத்து பக்கத்து அறையிலேர்ந்து சத்தம் கேக்குது, போய்ப் பார்த்தா, வெறும் ஸ்க்ரீன்கிட்டப் பேசிக்கிட்டிருக்காங்க. என்னை ஒருதடவை கூப்பிட்டிருக்கக் கூடாதாடி, நான் ஓடிவந்திருக்க மாட்டேனான்னு. யாரோ பஸ்ல சொல்லியிருக்காங்க, அழிஞ்சதைக்கூடக் கடையில எடுத்துத் தருவாங்கன்னு. நீதான் எல்லாத்தையும் திறக்கிறவளாச்சே, திறந்து குடுன்னு என்கிட்டத்தான் முதல்ல கேட்டாங்க. எனக்கு வராதும்மான்னேன். அதான் உங்ககிட்ட.

கிடைக்கலையா? கிடைக்காது. எனக்குத் தெரியும். சும்மா தேடவிட்டேன், மன்னிச்சுக்கங்க. அம்மா அங்கேர்ந்து பார்த்துக்கிட்டிருக்காங்கல்ல.

ஒரு உதவி பண்ணுங்க அண்ணா. அம்மா உள்ள வந்ததும், மெஷின்ல போட்டுப் பார்த்தோம், அழிஞ்சதுல கொஞ்சம் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. ஆறு கால் இருந்துச்சு, ஆறும் ஒரே நம்பருக்கு, அம்மா நம்பருக்கு, டவர் கோளாறுல போகலைன்னு. பதினொண்ணு நாப்பத்திரெண்டுலேர்ந்து பதினொண்ணு அம்பத்தெட்டு வரைக்கும். நேரமும் சேர்த்துச் சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க.

பொய் சொல்ல மாட்டீங்களா? நல்லது. பொய் இல்ல அண்ணா அது. சித்தி வீட்டுல இருந்தா நெட்டை அணைச்சு வச்சிடுவாங்க, குழாயை மூடுற மாதிரி. வலிக்கும்போது ஆப்பைத் தேடவா முடியும்? அக்கா நம்பர் மனப்பாடம். நார்மல் காலாத்தான் போட்டிருக்காங்க. ஆறும் போகல. அம்மா ஃபோன்ல மிஸ்டு கால்கூட விழல.

எனக்கு எப்படித் தெரியும்னா? நான் பார்த்தேன். அன்னைக்கே, வீடு பூரா ஆளுங்க இருக்கும்போது, யாரோ ஃபோனை என் கையில குடுத்து, யாரைக் கூப்பிட்டாங்கன்னு பாரும்மான்னாங்க. பார்த்தேன். அப்புறம் அது ஹேங் ஆகியிருக்குன்னு சொல்லிட்டு குளியலறைக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டேன். மூணாம் நாள் லேப்டாப்ல மாட்டி, கம்பெனியோட பழைய சாஃப்ட்வேரையே ஏத்தி, பூட்டிட்டேன். பூட்டினா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும், உங்களுக்குத் தெரியாததா. இருபது நிமிஷ வேலை. அதான் இப்ப நல்லா கால் போகுது, வருது.

அப்படிப் பார்க்காதீங்க அண்ணா. ரோட்டைத் தாண்டிட்டாங்க.

வாம்மா, பார்த்து, படி இருக்கு. உக்காரு. அண்ணா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.