எல்லாரும் ஓடி ஒளித்த கொம்பியூட்டர்

— அந்தக் கதிரையை விட்டு எழும்புங்கோ, சேர். உங்கட கொம்பியூட்டர் எனக்கு வேணும்.

— தவமலர், வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கு உமக்கு நான் என்ன சொன்னனான்?

— இந்தச் சிறுவர் நிலையக் கந்தோரில எந்தக் கொம்பியூட்டரையும் திறக்கலாம், பூட்டலாம், பழுது பாக்கலாம். டிரெக்டர் அருளப்பன்ர கொம்பியூட்டரை மட்டும் கேக்கக் கூடாது எண்டனியள்.

— ஞாபகம் இருக்குத்தானே?

— இருக்கு.

— இருந்தும் கேக்கிறீர்.

— இருந்தும்தான் கேக்கிறன். உங்கட மிசினுக்குள்ள வைரஸ் பூந்திட்டுது. எழும்புங்கோ.

— வைரஸோ? இதுக்குள்ளயோ? பிள்ளை, இந்த அறைக்கு ஏசி போட்டிருக்கு. கதவு எப்பவும் பூட்டு. ஒரு ஈ, இலையான்கூட உள்ள வாறேல்லை.

— இலையான் வரத் தேவையில்லை. கொழும்பில இருந்து உங்கட மருமகன் குடுத்துவிட்ட சீடியோட வந்திருக்கு.

— அது பொது அறிவுச் சீடி.

— சீட்டு விளையாட்டு, சேர். நீங்கள் வெல்லுற நேரமெல்லாம் அது கைதட்டுற சத்தம் வெளியில எங்களுக்குக் கேக்கும். இண்டைக்கு விடியத் தொடக்கம் நாலுதரம் தட்டிட்டுது.

— முறை எண்டொண்டிருக்கு. ஒரு பெரிய மனுசனோட கதைக்கிற முறை. விளங்குதோ?

— சேர்! குறுக்க வாறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. போன் வந்தது.

— திரேசம்மா, ரைப் அடிக்கிற ஆள் கதவைத் தட்டிப்போட்டெல்லோ உள்ள வரோணும்?

— தட்டினனான் சேர், ஏசிச் சத்தத்தில உங்களுக்குக் கேட்டிராது. ஆமிக் காம்பில இருந்து மேஜர் எடுத்தவர். நீங்கள் அனுப்பின ஈமெயில் கிடைச்சதாம்.

— நான் அவருக்கு ஒண்டும் அனுப்பேல்லையே.

— உங்கட கொலஸ்ரரோல் றிப்போட்டாம். மேஜரின்ர அம்மாவுக்கும் அதே வருத்தமாம். தேங்காய்ப்பாலைக் குறைக்கட்டாம். இறாலை அடியோட விடட்டாம்.

— என்ர கொலஸ்ரரோல் ஏன் காம்புக்குப் போனது?

— அதுதான் சேர் இந்த வைரஸின்ர வேலை. உள்ளுக்குக் கிடக்கிற பைலில கைக்கு அகப்பட்டதைத் தூக்கும். நீங்கள் இதுவரைக்கும் ஆர் ஆருக்கு ஈமெயில் போட்டனியளோ, அவைக்கெல்லாம் அனுப்பும். எதை அனுப்பிறன், ஆருக்கு அனுப்பிறன் எண்டு அதுக்கே தெரியாது.

— கன்னியர் மடத்தில இருந்தும் எடுத்தவை, சேர்.

— அங்க என்ன போனது?

— கவிதையாம். “உன் கூந்தல் கடலில் என் தோணி” எண்டு தொடங்குதாம். மதர் கடைசி வரைக்கும் வாசிச்சவவாம். உங்களுக்காக இண்டைக்கே ஒரு நவநாள் செபம் தொடங்குறாவாம்.

— அது... அது கலியாணத்துக்கு முதல் எழுதினது.

— கலியாணத்துக்கு முதல் மன்னாரில கொம்பியூட்டர் இருந்ததோ, சேர்?

— நீர் போய் உம்மட வேலையைப் பாரும், திரேசம்மா.

— நில்லுங்கோ அக்கா. காலமை நான் சத்தம் போட நீங்கள் எல்லாரும் என்ன செய்தனியள் எண்டதைச் சேருக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ.

— நான் ஒரு பிழையும் செய்யேல்லை, மாதா அறிய. வைரஸ் வருது, பைலுகளைப் பத்திரப்படுத்துங்கோ எண்டு நீர்தானே பிள்ளை கத்தினீர்?

— கத்தினனான். அவரவற்ற பைலை ஒரு சீடியில ஏத்தி வையுங்கோ எண்டு.

— சீடியெண்டது ஆருக்குக் கேட்டது? “வருது” எண்டது மட்டும்தான் கேட்டது. ஷெல் வருதெண்டா நாங்கள் எங்க ஓடுறனாங்கள்? பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குத்தானே? அப்பிடித்தான், இருந்த பைலெல்லாத்தையும் வாரி எடுத்துக்கொண்டு சேரின்ர கொம்பியூட்டருக்குள்ள ஓடினனாங்கள். எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே வயரில தானே கிடக்கு, லேசாப் போச்சு. இந்தக் கந்தோரில இதைவிடப் பத்திரமான இடம் எது? பூட்டு இருக்கு, குளிர் இருக்கு, மேல சுவரில மடு மாதாவின்ர படம் இருக்கு.

— எல்லாருமோ?

— ஒருத்தர் மிச்சமில்லை, சேர். சாரதி யோசேப்கூடத் தன்ர மகளின்ர முதல்நன்மைப் படங்களைக் கொண்டந்து இதுக்குள்ள இறக்கிப்போட்டார்.

— பாத்தீரோ தவமலர்? எங்கட சனத்துக்கு என்னில இருக்கிற நம்பிக்கையை.

— நம்பிக்கையில்லை சேர், பழக்கம். இருவது வருசமா ஓடுற சனம். கால் தன்ரபாட்டில கோயிலுக்குப் போகும். இந்தமுறை பேய் கோயிலுக்குள்ளதான் இருக்கெண்டு பாவங்களுக்குத் தெரியேல்லை.

— சரி, போட்டிட்டினம். அதுக்கென்ன இப்ப? யோசேப்பின்ர மகளின்ர படம் மேஜரிட்டப் போனா உலகம் அழிஞ்சிடுமோ?

— சுகிர்தாவின்ர பைலும் இதுக்குள்ள கிடக்கு.

— எந்தச் சுகிர்தா?

— எந்தச் சுகிர்தாவோ? நல்லாயிருக்கு. பள்ளிக்கூடத்தால வரேக்க சண்டைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போக, ஒரு மாதத்தால ஓடித் தப்பி வந்த பிள்ளை. பதினஞ்சு வயசு. பிடிச்சவையும் தேடுகினம், மற்றப் பக்கத்து ஆமியும் தேடுகினம். ஓலைத்தொடுவாயில எந்த வீட்டில, ஆற்ற பெறாமகள் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறாள் எண்டதெல்லாம் அந்தப் பைலில எழுதிக் கிடக்கு.

— என்ர மாதாவே! அதை எந்த அறுவான் இதுக்குள்ள கொண்டந்து போட்டது?

— நீங்கள்தான், அக்கா.

— நானோ? ஓ... ஓம், நான்தான். மற்றதெல்லாத்துக்கும் முதல் அதைத்தான் போட்டனான். ஓடேக்க முதல்ல பிள்ளையைத் தானே தூக்கிறது?

— அழாதேங்கோ. அது இன்னும் போகாமலும் இருக்கலாம். பாத்தாத் தெரியும்.

— இந்தப் பதகளிப்புத்தான் எனக்குப் பிடிக்காது. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்கோ. நானே நிப்பாட்டுறன். இந்தா. இருண்டிட்டுது. சரியோ?

— அது படம் தெரியிற பெட்டி, சேர். நீங்கள் நிப்பாட்டினது வெளிச்சத்தை. மிசின் உங்கட கால்மாட்டில உறுமிக்கொண்டு கிடக்கு.

— அப்ப பிளக்கைப் பிடுங்கிவிடுறன்.

— கையை எடுங்கோ! கரண்டை நிப்பாட்டினா உள்ளுக்கு நடந்த விசயம் பாதி அழிஞ்சுபோகும். எந்தப் பைல் ஆருக்குப் போனதெண்டு பிறகு கடவுளுக்கும் தெரியாது. மிசின் ஓடட்டும், நான் இருந்து பாக்கோணும். பத்து நிமிசம் போதும். அதுக்குத்தான் எழும்பச் சொல்லுறன்.

— நான் எழும்பினவுடன நீர் ஈமெயில் போற வயரைக் கழட்டிப்போடுவீர்.

— அம்மாள் வருத்தம் வந்தா வாசலில வேப்பிலை கட்டுறேல்லையோ? அதுக்குப் பிறகும் ஆரும் உள்ள வந்து தேத்தண்ணி குடிப்பினமோ?

— அதுதான் சொல்லுறன், வயரில கைவைக்கேலாது. ஒரு முக்கியமான சாமான் இப்ப போய்க்கொண்டிருக்கு.

— என்ன சாமான்?

— காசு தாற வெளிநாட்டாருக்குக் குடுக்கிற றிப்போட். அது இண்டைக்குப் போய்ச் சேராட்டி திட்டத்தை நிப்பாட்டிப்போடுவாங்கள். உங்கள் எல்லாருக்கும் வேலை போகும். விளங்குதோ? ஒரு பிள்ளையைப் பாத்து, இந்தக் கடற்கரையில இருக்கிற முந்நூறு பிள்ளையளை விடச் சொல்லுறீரோ?

— றிப்போட்டை முந்தநாளே அனுப்பிட்டமே, சேர்.

— திரேசம்மா!

— தவமலர்தானே எழுதினது, நான்தானே அடிச்சது. கடைசிப் பக்கத்தில நீங்கள் கையெழுத்து வைச்சனியள். பேனையும் என்னட்டத்தான் வாங்கினனியள்.

— அப்ப இண்டைக்குப் போறது என்ன, சேர்?

— அது நிர்வாக விசயம்.

— சேர்.

— ஒரு விண்ணப்பம். ஜெனீவாவில ஒரு கருத்தரங்கு. ரெண்டு கிழமை. இண்டைக்குத்தான் முடிவு நாள்.

— எதைப் பற்றின கருத்தரங்கு?

— அதெல்லாம் உமக்கு எதுக்கு?

— எதைப் பற்றியெண்டு கேட்டனான்.

— யுத்தகாலத்தில் சிறுவர் பாதுகாப்பு.

— ஹுக்... ஹுக்கும்.

— சிரிக்காதையும், திரேசம்மா.

— நான் சிரிக்கேல்லை சேர். இருமல். ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை.

— நான் போறது ஊர் சுத்திப் பாக்கவோ? அங்க ஏறி நிண்டு இந்தப் பிள்ளையளைப் பற்றித்தான் கதைக்கப்போறன். உலகம் கேக்கோணும்.

— உலகம் கேக்கட்டும். நீங்கள் கதைக்கேக்க பிள்ளை உயிரோட இருந்தா நல்லதெண்டு பாக்கிறன்.

— வாயைப் பார்! வெள்ளாங்குளத்தில கூலிக்குப் புல்லுப் பிடுங்குறவன்ர பெட்டை. கம்பஸுக்குப் போய் ஒரு பட்டத்தை எடுத்தவுடன கண் தெரியேல்லை. நான்தான் பாவம் பாத்து இந்த வேலையைத் தந்தனான்.

— ஓம், கூலிக்காரன்ர பெட்டைதான். அந்தப் பெட்டைதான் உங்கட றிப்போட்டை எழுதிறது. உங்கட ஈமெயிலை என்ர மிசினில திறந்து தாறது. ஜெனீவா எந்த நாட்டில கிடக்கெண்டு போன மாதம் தேடித் தந்ததும் அவள்தான். எங்கட பரம்பரையில முதல் ஆளாக் கம்பஸ் போனது நான், சேர். கையைக் கட்டிக்கொண்டு துரைமாருக்கு முன்னால நிக்கிற வேலையை எங்கட ஆக்கள் இங்க வர முதல் நூறு வருசமா மலைநாட்டுத் தேயிலைக்குள்ள நிண்டு செய்து முடிச்சிட்டினம். எனக்கெண்டு மிச்சம் ஒண்டும் வைக்கேல்லை.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. மேடையில சொல்லும். இப்ப போய் வெளியில இரும். விண்ணப்பம் போய் முடிஞ்சவுடன நானே கூப்பிடுறன்.

— எப்ப முடியும்?

— இந்தக் கோதாரி லைன் இண்டைக்குச் சரியான மெதுவாக் கிடக்கு. பின்னேரமாகும்.

— பின்னேரமட்டும் அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?

— செபிக்கச் சொல்லும்.

— கடைசியாக் கேக்கிறன், சேர். எழும்புவியளோ, மாட்டியளோ?

— விண்ணப்பம் போனாப் பிறகு.

— சரி. அக்கா, உங்கட சைக்கிளைத் தாங்கோ.

— எங்க பிள்ளை?

— ஓலைத்தொடுவாய்க்கு. பைல் போனதோ இல்லையோ எண்டு பாக்க விடுறாரில்லை. பாக்கேலாட்டிப் போனதெண்டுதான் எடுக்கோணும். சுகிர்தாவை இப்பவே வேற இடத்துக்கு மாத்துறன்.

— தோட்டவெளி றோட்டில ஆமி மறிச்சுச் செக் பண்ணுறாங்கள். குமர்ப்பிள்ளை தனியப் போனா ஆயிரம் கேள்வி வரும். நான் பின்னுக்கு ஏறுறன். செபமாலையும் கையுமா என்னைப்போல நரைச்சது ஒண்டு பின்னுக்கு இருந்தா, பேசாமல் போகச் சொல்லுவாங்கள்.

— திரேசம்மா, நீர் இந்த வாசலைத் தாண்டினா நாளைக்கு உமக்கு இங்க வேலையில்லை.

— தாண்டிட்டன், சேர். திரும்பப் போன் வந்தா நீங்களே எடுங்கோ. மதர் கேட்டா, மிச்சக் கவிதை தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு சொல்லுங்கோ.

— தவமலர், நில்லும்! பிள்ளையை எங்க கொண்டுபோறீர்? நான் இந்த நிலையத்தின்ர டிரெக்டர். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போகோணும். அது முறை.

— கந்தோர்க் கதவின்ர திறப்பு மேசையில கிடக்கு, சேர். என்ர அடையாள அட்டையும் பக்கத்தில கிடக்கு. நான் நாளைக்கு வரமாட்டன்.

— போ! போறதெண்டா போ! போகேக்க அந்த வயரில மட்டும் கைவைக்காமப் போ.

— வயரை உங்கட அறைக்குள்ள வர முதலே கழட்டிப்போட்டன். வெளியில கதவடியில சுருட்டிக் கிடக்கு. நாங்கள் கதைச்ச நேரம் முழுக்க இந்த அறையால ஒண்டும் வெளியில போகேல்லை. உங்கட ஜெனீவாவும்தான்.

— அப்ப ஏன் என்னை எழும்பு, எழும்பு எண்டு நிண்டனீர்?

— எழும்பியிருந்தியள் எண்டா, பிள்ளையை எங்க கொண்டுபோறன் எண்டு உங்களுக்கும் சொல்லியிருப்பன்.