ஆணியில் ஒரு ரொட்டி

சவோதத்: இந்தாங்க, ஒரு வாய் கடிங்க.

ஹம்தம்: என்ன இது?

சவோதத்: ரொட்டி. காலையில நானே சுட்டேன்.

ஹம்தம்: ரொட்டின்னு தெரியுது. பட்டாளத்துக்குப் போறவன் கடிச்சுட்டுப் போவான், பத்திரமா திரும்பி வந்து மிச்சத்தைத் திங்கணும்னு வீட்டுல ஆணியில மாட்டி வைப்பாங்க. நான் போறது சிம்கான் மலைக்கு. சாயங்காலம் வீட்டுல இருப்பேன்.

சவோதத்: சாயங்காலமே மிச்சத்தைத் தின்னுங்க. இப்ப கடிங்க.

ஹம்தம்: இருபத்தாறு வருஷமா ஏப்ரல் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை துலிப் பூ பார்க்கப் போயிட்டிருக்கோம். ஒரு தடவையாவது ரொட்டி கடிக்கச் சொல்லியிருக்கியா?

சவோதத்: இந்தத் தடவை சொல்றேன்.

மோஹிரா: கடிச்சுத் தொலைங்கண்ணா. பெரியண்ணன் இந்நேரம் அங்க அடுப்பு மூட்டியிருப்பாரு. புலாவ் அண்டா நம்ம டிக்கியில இருக்கு. எங்க வீட்டுக்காரரு புள்ளைங்களையும் கூட்டிட்டு முன்னாடியே போயாச்சு.

ஹம்தம்: உன்னை ஏன் விட்டுட்டுப் போனான்?

மோஹிரா: அண்ணன் வண்டியில வரணும்னு தங்கச்சிக்கு ஆசை இருக்காதா?

ஹம்தம்: இருக்கும், இருக்கும்... ம். கடிச்சாச்சு. போதுமா?

சவோதத்: போதும். ஆணியில மாட்டிட்டு வர்றேன்... ஏங்க, சமையல்கட்டு ஆணியில ஒரு துணிப்பை தொங்குது. வெறும் பை. எடுத்துடவா?

ஹம்தம்: அது என்னுது. இருக்கட்டும். பக்கத்துல மாட்டிட்டு வா.

மோஹிரா: அப்பாடா, கிளம்பியாச்சு. தாஷ்கண்ட்டே நமக்கு முன்னாடி கிளம்பிடுச்சு போல. எவ்வளவு வண்டி பாருங்க.

சவோதத்: வலப்பக்கம் பஸ் வருது.

ஹம்தம்: பார்த்துட்டேன்.

சவோதத்: வலப்பக்கம் சைக்கிள். ஒரு பெரியவர்... மெதுவா...

ஹம்தம்: ஓட்டுறது நானா, நீயா?

சவோதத்: இடப்பக்கம் ஒருத்தன் முந்தப் பார்க்கிறான். விட்டுடுங்க, போகட்டும்.

மோஹிரா: அண்ணி, ரேடியோ கூட நடுவுல மூச்சு விடும்.

ஹம்தம்: நல்லா கேளு. பனிக்காலம் முழுக்க வண்டியை வெளிய எடுக்கலை. மார்ச்சுல ரெண்டு தடவை சந்தைக்குப் போனோம், ரெண்டு தடவையும் இதே பாட்டுதான்.

மோஹிரா: நீங்க எப்படிண்ணா தாங்குறீங்க?

ஹம்தம்: பழகிப்போச்சு. அதை விடு, அந்தப் பக்கம் பாரு, இக்ரோம் வீட்டு மதில் ஓரமா வாதுமை மரம் என்னமா பூத்திருக்கு.

மோஹிரா: எந்த மரம்ணா? ரோட்டை அகலமாக்கணும்னு போன இலையுதிர் காலத்துலயே வெட்டிட்டாங்களே. மதிலே இல்லையே இப்ப.

சவோதத்: போன வருஷம் பூத்ததைச் சொல்றாரு. இல்லைங்க?

ஹம்தம்: ஆமாமா. போன வருஷம்... சரி, உங்க மெத்தை என்ன ஆச்சு?

மோஹிரா: எந்த மெத்தை?

ஹம்தம்: வியாழக்கிழமை தவறாம உங்க அண்ணி உன் வீட்டுக்கு வர்றாளே, மெத்தை தைக்க.

சவோதத்: தைச்சு முடிச்சாச்சு.

மோஹிரா: இன்னும் பஞ்சே அடைக்கலை.

ஹம்தம்: ஓகோ.

சவோதத்: அதாவது... ஒண்ணு முடிஞ்சது. இன்னொண்ணு பாக்கி.

ஹம்தம்: முடிஞ்சதை எடுத்துட்டு வந்திருக்கலாமே. புல்லுல விரிச்சு உட்கார்ந்திருப்போம். நம்ம ஆளுங்க எல்லாம் பார்த்து மெச்சியிருப்பாங்க.

மோஹிரா: ஈரத்துல பாழாயிடும்ணா... அண்ணா, கசல்கென்ட் வந்துடுச்சு. அந்தத் தந்தூர் கடையில நிறுத்துங்க. சூடா சம்சா வாங்கிட்டு வர்றேன்.

சவோதத்: நிதானமா வாங்கிட்டு வா. கூட்டமா இருந்தா காத்திருந்தே வா.

மோஹிரா: புரியுது அண்ணி.

ஹம்தம்: ... என்ன புரியுது அவளுக்கு?

சவோதத்: இஞ்சினை அணைங்க.

ஹம்தம்: அணைச்சாச்சு. சொல்லு.

சவோதத்: இங்கிருந்து மலைப்பாதை ஆரம்பிக்குது.

ஹம்தம்: இருபத்தாறு வருஷமா இங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

சவோதத்: நேரா முன்னாடி பாருங்க. கண்ணாடியைத் தாண்டி, அந்தக் கம்பத்தைப் பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க.

ஹம்தம்: இது என்ன விளையாட்டு, நடு ரோட்டுல...

சவோதத்: சொல்லுங்க. உங்க தோளுக்குப் பக்கத்துலதான் பிடிச்சிருக்கேன்.

ஹம்தம்: ... கைக்குட்டை.

சவோதத்: இல்லை.

ஹம்தம்: ரொட்டி.

சவோதத்: இல்லைங்க.

ஹம்தம்: ... உனக்கு எப்பத் தெரியும்?

சவோதத்: டிசம்பர்ல உங்க கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில டாக்டர் சீட்டு. பக்கவாட்டுல பார்வை குறைஞ்சுட்டே வருது, வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு காத்திருந்தேன்.

ஹம்தம்: சொல்லணும்னுதான்... எப்படிச் சொல்றது சவோதத். எங்க அப்பாவுக்கு அப்புறம் இந்தக் குடும்பத்தை மலைக்குக் கூட்டிட்டுப் போறது நான். பெரியண்ணனுக்கே ஓட்டக் கத்துக் கொடுத்தது நான். அவங்க முன்னாடி போயி, என்னால முடியலைன்னு...

சவோதத்: அதனாலதான் நான் கத்திக்கிட்டே வந்தேன். உங்க வலப்பக்கமும் இடப்பக்கமும் நான்தான். ஆனா தினம் கத்தி உசிரைக் காப்பாத்த முடியாதுங்க. சந்தை வேற, மலை வேற. மேல ஒரு பக்கம் சரிவு. மோஹிரா பின்னாடி உட்கார்ந்திருக்கா. இதுக்கு மேல உங்களை ஓட்ட விட மாட்டேன்.

ஹம்தம்: அப்ப திரும்பிடலாமா? அண்டா இல்லாம அவங்க சமைக்க மாட்டாங்க. பூ நமக்காக இன்னொரு வாரம் காத்திருக்காது.

சவோதத்: திரும்ப வேண்டாம். இப்ப தலையைத் திருப்பிப் பாருங்க, கையில என்னன்னு.

ஹம்தம்: ... லைசென்ஸா? உன் போட்டோ.

சவோதத்: ஆமா.

ஹம்தம்: போட்டோவுல கூட முறைக்கிறே.

சவோதத்: புதன்கிழமைதான் வந்துச்சு. மோஹிரா வீட்டுக்காரர் சோபிர்தான் சொல்லிக் கொடுத்தாரு. மெத்தையெல்லாம் பொய். எழுந்திரிங்க, இந்தப் பக்கம் வாங்க.

ஹம்தம்: இரு, பெல்ட்டைக் கழட்டுறேன்.

சவோதத்: என்னங்க... கோவமா?

ஹம்தம்: கோவமா? இல்லடி. டிசம்பர்ல இருந்து ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ பஸ்ஸு, சைக்கிளுன்னு கத்துறப்ப எல்லாம் மனசுக்குள்ள உனக்குக் கும்பிடு போட்டேன், வாயால திட்டினேன். என்ன மனுஷன் நான். நல்லா இருப்பே நீ. சாவியை வாங்கிக்கோ.

மோஹிரா: சம்சா வந்தாச்சு. நாலு கறி, ரெண்டு பூசணி... அட, அண்ணா இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க.

ஹம்தம்: ரொம்ப ஆச்சரியப்படாதே. நடிப்பு சுத்தமா வரலை உனக்கு.

மோஹிரா: ஐயோ. மாட்டிக்கிட்டோமா?

சவோதத்: சும்மா இருங்க ரெண்டு பேரும். கண்ணாடியைச் சரி பண்ணிக்கிறேன்... கிளட்ச்... ம், கிளம்பிடுச்சு.

ஹம்தம்: மெதுவா. அவசரமே இல்லை. மோஹிரா, பக்கவாட்டுல என்ன வருதுன்னு நீ பார்த்துச் சொல்லு. எனக்குத் தெரியாது. கண்ணு போயிட்டிருக்கு.

மோஹிரா: ... சரிண்ணா. இடப்பக்கம் யாரும் இல்லை, அண்ணி.

சவோதத்: உனக்கும் ரேடியோ வேலை கிடைச்சுடுச்சு.

மோஹிரா: மேல போனதும் பெரியண்ணன்கிட்ட என்ன சொல்றது? உங்களுக்கு முதுகு வலின்னு சொல்லிடலாமா?

ஹம்தம்: வேண்டாம். என் பொண்டாட்டி மலை ஏத்திக் கூட்டிட்டு வந்தான்னு நானே சொல்றேன். வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கட்டும். பூவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

சவோதத்: வளைவு வருது. பேசாதீங்க... அப்பா, தாண்டியாச்சு. ஏங்க, நிஜமா உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையா, இத்தனை வியாழக்கிழமை?

ஹம்தம்: பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை சோபிர் வண்டியில முன்பக்கம் நசுங்கிடுச்சு. கேட்டா, யாரோ இடிச்சுட்டுப் போயிட்டான்னான். நசுங்கின இடத்துல முசுக்கட்டை மரத்துப் பட்டை ஒட்டியிருந்துச்சு. மரம் எங்கயாவது வண்டியை இடிச்சுட்டு ஓடுமா?

மோஹிரா: நான் அப்பவே சொன்னேன், துடைங்கன்னு.

சவோதத்: அப்ப பிப்ரவரியில இருந்தே தெரியுமா? தெரிஞ்சும் மெத்தை, மெத்தைன்னு கேட்டுட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லாம என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?

ஹம்தம்: வியாழக்கிழமை காலையில அவசரத்துல டீ குடிச்சுட்டு, பாதி கடிச்ச ரொட்டியை அப்படியே வச்சுட்டு ஓடுவியே... அதை எடுத்து, நீ காலையில பார்த்த அந்தத் துணிப்பையில போட்டு ஆணியில மாட்டுவேன். நீ திரும்பி வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டப்புறம்தான் இறக்கித் தின்பேன்.