மேல் பெட்டி பேசியது

இந்தத் தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் தேநீர் கொடுப்பார்கள் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். மழை பெய்யும்போது வெளியே பார்க்காமல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. என் கால் ஆடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயத்தில் ஆடவில்லை. கொஞ்ச காலமாகவே இப்படித்தான் ஆடுகிறது.

மலாய் மொழியில் நான் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. விரிவுரையாளர் வயிரவன், இன்ன பல்கலைக்கழகம், இன்ன துறை, அன்று மதியம் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதில் இடைவெளிகள் இருக்கின்றன. பதிவில் இடைவெளி இருந்தால் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும், தொழில் அப்படி. நீங்கள் புந்தோங் பக்கத்துத் தமிழ் ஆள் என்று பேச்சிலேயே தெரிகிறது. தமிழில் சொன்னால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் வார்த்தை தடுமாறாது.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரிவான இடத்தில் ஆங்காங்கே கம்பம் நட்டு, ஒவ்வொன்றிலும் ரொட்டி டப்பா அளவில் ஒரு பெட்டியை மாட்டுவோம். மண் சாய்கிறதா, நடுங்குகிறதா என்று அதற்குள் இருக்கும் உணரி பார்க்கும். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். கம்பி எதுவும் கிடையாது. கடைசியில் எல்லாம் என் மேசைக்கு வந்து திரையில் கோடுகளாக ஓடும். பெட்டிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மண் அசைந்தாலோ யாராவது தட்டினாலோ விழித்துக்கொண்டு பேசும். இதைத்தான் நான் இத்தனை காலமாகச் சோறு தண்ணி மறந்து செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தத் துறையில் ஆளுக்கு எப்படி மரியாதை வருகிறது தெரியுமா? அறைக்குள் மணலைக் குவித்து, தண்ணீர் ஊற்றிச் சரித்து, அதை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் எக்கச்சக்கம். உண்மையான மலை ஒன்று முதல் அசைவிலிருந்து கடைசிவரை விழுவதை, ஒரு பெட்டிகூட விட்டுப்போகாமல் பிடித்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. என்னோடு படித்தவர்கள் பினாங்கு தொழிற்சாலைகளிலும் சிங்கப்பூரிலும் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மாணவி ஒருத்தி இப்போது எனக்கே துறைத்தலைவர். பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் ஒருவர் என்னைக் கேட்டார், உங்கள் மலை எப்போதுதான் விழும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த மலை ஈப்போ பக்கத்தில், லகாட் ஊரைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்தில் இருந்தது. மலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பெரிய மேடுதான். முன்பு முழுக்க ரப்பர் பால்மரம். வீடு கட்டப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்து மேட்டின் அடியை வெட்டிவிட்டு, பாதியில் காணாமல் போய்விட்டது. வெட்டிய இடத்துக்கு நேர் கீழே பழைய தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. வேறு போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் அதில் இருந்தன. அந்தத் தோட்டத்தில் ஒரு பங்கு ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துடையது. இதைக் கோகிலனிடம் நான் சொன்னதில்லை.

கோகிலன் அந்த லயத்தில் பிறந்தவன். அப்பா பால் வெட்டியவர். அவன் பொறியியல் படித்து, பினாங்கில் நல்ல வேலையில் இருந்தவன், நான் மேட்டில் பெட்டி மாட்டப்போவதாகக் கேள்விப்பட்டு அந்த வேலையை உதறிவிட்டு என்னிடம் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தான். பைத்தியக்காரா என்று திட்டினேன். "நம்ம ஆளுங்க அங்க படுத்திருக்காங்கண்ணே, நான் பினாங்குல ஏர்கோன்ல உக்காந்து என்னா செய்யுறது" என்றான். கெட்டிக்காரன். பேட்டரியைக் கையில் எடுத்தாலே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். எனக்குப் பிடித்த பையன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேட்டின் மேலே கைப்பேசி எடுக்காது. அவன் மேலே போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று கீழே இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத் தட்டடா என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விரல் முட்டியால் மூன்று தட்டு. திரையில் மூன்று கோடு குத்திட்டு நிற்கும். நான் ஒரு பொத்தானை அமுக்குவேன், அவன் எதிரில் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பார்த்துவிட்டேன், வேலையைச் செய் என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கி ஓடி வர வேண்டும். "செவப்பு எரிஞ்சா செருப்பக்கூட எடுக்க மாட்டேண்ணே" என்பான்.

இறங்கி வந்ததும் முதல் கேள்வி, "வந்துச்சாண்ணே?" வந்துருச்சு என்பேன். அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் பசியாறக் கோப்பிக்கடைக்குப் போனால், எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து மேசையை மூன்று தட்டு தட்டுவான். நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, வந்துருச்சு என்பேன். அவன் மனைவி கலாதேவி எங்கள் இருவரையும் பார்த்து, சின்னப் பிள்ளைகள் கெட்டார்கள் போங்கள் என்று சிரிக்கும்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் அவன் குதித்துக்கொண்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறான். மேட்டில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, அடியில் கல் அடுக்கிக் கம்பி வலை போட ஒப்புக்கொண்டார்களாம். அடுத்த வாரமே லோரி வருகிறதாம். "இனி மலை நிக்கும்லா, அண்ணே. எத்தன மழ பேஞ்சாலும் நிக்கும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ரொம்ப நல்லது என்று தோளில் தட்டிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை, இன்ஸ்பெக்டர். தட்டில் சோற்றை வைத்தால் பாதியில் எழுந்துவிடுவேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே கைப்பேசியை எடுத்து மழை வருமா என்று பார்ப்பேன். ஈப்போவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போவேன். மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன், பாதி வழியில் மனசு கேட்காமல் மறுபடியும் வண்டியைத் திருப்புவேன். மேடு அசையாமல் நின்றது. கல்லுப்பிள்ளையார் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கோயிலுக்குப் போய் முருகனிடம் மழை கேட்டேன். மழைதான் கேட்டேன், வேறு எதுவும் கேட்கவில்லை.

மழை வந்தது. லோரி வர வேண்டிய நாளில் லோரி வர முடியாத அளவுக்கு வந்தது.

காலையிலேயே கீழ்ப் பெட்டிகளில் லேசான சாய்வு தெரிந்தது. நானே கோகிலனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவன் வேனை எடுத்துக்கொண்டு போய், லயத்தில் ஒரு வீடு விடாமல் காலி செய்து, லகாட்டில் ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினான். ஐயாவு என்ற பெரியவர் மட்டும், ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். கோகிலன் ஆட்டையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். மதியத்துக்கெல்லாம் எல்லாரும் மண்டபத்தில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்டுக்குக் கீழே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. யாருடைய உயிரோடும் நான் விளையாடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகுதான் மேல் பெட்டி பேச்சை நிறுத்தியது.

மற்ற பெட்டிகள் எல்லாம் பேசுகின்றன. உச்சியில் இருப்பது மட்டும் பேசவில்லை. சரிவு பிளப்பது உச்சியில்தான், இன்ஸ்பெக்டர். அந்தப் பெட்டி இல்லாத பதிவு தலை வெட்டிய படம் மாதிரி. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் மறுபடியும் சிரிப்பார்கள். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். நாற்காலி பொறுக்கவில்லை எனக்கு.

அவனாகவே மேட்டுக்குப் போனான் என்று மலாயில் எழுதியிருக்கிறேன் இல்லையா, அதை அடித்துவிடுங்கள். கலாதேவி உங்களிடம் சொன்னதுதான் சரி. நான்தான் போகச் சொன்னேன்.

"மேல் பெட்டி பேசமாட்டேங்குதுடா" என்று மண்டபத்தில் இருந்தவனிடம் கைப்பேசியில் சொன்னேன்.

"வயரு நனைஞ்சிருக்கும்ணே. மழ விடட்டும், போய்ப் பாக்குறேன். ஆளுங்கதான் எல்லாம் இங்க வந்துட்டாங்களே, இன்னும் எதுக்கு அந்தப் பொட்டி?"

நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதை அவனிடம் சொல்ல முடியாது. அதனால் வேறொன்று சொன்னேன். கீழ்ப் பெட்டிகள் எல்லாம் அமைதியாகிவிட்டன, ஆட்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாமா என்று அதிகாரிகள் கேட்கிறார்கள், மேல் பெட்டி பேசினால்தான் நான் பதில் சொல்ல முடியும் என்றேன். அப்படி யாரும் கேட்கவில்லை. கீழ்ப் பெட்டிகளும் அமைதியாகவில்லை. ஆனால் லயத்து ஆட்கள் என்று சொன்னால் அவன் மறுக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்.

"ஐயாவு தாத்தா வேற வீட்டுக்குப் போகணும்னு ஒரே நச்சரிப்புண்ணே. சரி, போய்ட்டு வாரேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருப்பீங்க?"

பார்த்துக்கிட்டே இருக்கேன்டா என்றேன். அதில் பொய் இல்லை. நான் கண்ணை எடுக்கவே இல்லை.

அவன் ஏறுவது திரையில் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியைக் கடக்கும்போதும் காலடி சின்னச் சின்னக் கோடாக விழும். நடுப் பெட்டிகள் அதற்குள் நன்றாகவே சாயத் தொடங்கிவிட்டன. சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்தேன். ஆனால் மேல் பெட்டி பேசாதபோது சிவப்பை எப்படி அனுப்புவது? விளக்கு எரியாதே. நடுப் பெட்டிகளில் எரியுமே என்று நீங்கள் கேட்கலாம். எரியும். அவன் பார்த்திருப்பான்.

பிறகு மேல் பெட்டி விழித்தது. வயரைச் சரிசெய்துவிட்டான், பாருங்கள், அந்த மழையிலும். சாய்வுக் கோடு வந்தது, நடுக்கக் கோடு வந்தது. உடனே மூன்று தட்டு. அவ்வளவு தெளிவாக விழுந்தது.

இதற்கு மேல் நடந்தது உங்களுக்கும் தெரியாது, கலாதேவிக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் போவதில்லை. இடைவெளி வேண்டாம் என்பதால் நானே சொல்கிறேன். சிவப்பை அமுக்கினால் அவன் போட்டது போட்டபடி ஓடிவருவான். மூடி திறந்தே கிடக்கும். உள்ளே மழை இறங்கும், பெட்டி மறுபடியும் செத்துவிடும். பச்சையை அமுக்கினால் நிதானமாக மூடியைப் போட்டு, நாலு திருகாணியையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்குவான். வேலையில் அவ்வளவு சுத்தம்.

நான் பச்சையை அமுக்கினேன்.

மூடியைப் போட்டான். திருகாணி முடுக்குவதுகூடக் கோட்டில் தெரிந்தது. நான்காவது முடிவதற்கும் மேடு கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. உச்சியிலிருந்து அடிவரை ஒரு பெட்டியும் விட்டுப்போகவில்லை. அப்படி ஒரு பதிவை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று நீங்கள் கேட்காமல் இருப்பதற்கு நன்றி.

அவனைத் தோண்டி எடுக்கும்வரை நானும் மழையில் நின்றேன். கலாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவரு மேல போனது ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டது. தெரியாதும்மா என்றேன். நான் கூப்பிட்டுத்தான் அவன் போனான் என்று மண்டபத்து ஆட்கள் பிறகுதான் அதனிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையில் அவன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன், என் பெயர் இரண்டாவது. இந்தத் துறையில் யாரும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விசாரித்துப் பாருங்கள். படத்திலிருந்து அந்த மூன்று கோடுகளையும் திருகாணிக் கோடுகளையும் மட்டும் எடுத்துவிட்டேன். மலையின் பேச்சுக்கு நடுவில் வேறு சத்தம் கலந்தால் அதை நீக்குவதுதான் முறை.

என் கணினியை எப்போது திருப்பித் தருவீர்கள்? அவசரம் இல்லை. பத்திரமாக வையுங்கள், அதற்கு நகல் கிடையாது.

ஒன்றை மட்டும் கலாதேவியிடம் என் சார்பில் சொல்லிவிடுங்கள். அவ்வளவு மழையில் அந்த மேட்டில் அவர் தனியாகக் கிடந்து தவித்திருப்பாரே என்று அது அழுகிறதாம். அவன் தனியாக இல்லை. தட்டினான், நான் உடனே பதில் கொடுத்தேன். அவன் தட்டி நான் பதில் கொடுக்காமல் இருந்தது ஒருநாளும் கிடையாது.