காலடி படாத காட்டில் டுரியான் மரங்கள்

பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் இந்த நீளவீட்டின் தலைவராய் இருந்து இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கும் அப்பாய் ஞங்காவ் அவர்களே! மெரிலாய் ஆற்றின் மேலிருந்தும் கீழிருந்தும் படகேறி வந்திருக்கும் பெரியோர்களே! பாய் விரித்து, பசியறிந்து, பரிவோடு பரிமாறிய தாய்மார்களே! பெண்ணும் கொடுத்துப் பேசவும் இடம் கொடுத்த பேரன்பர்களே! உங்கள் வீட்டு மருமகனின் வணக்கம்.

திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்தது. அடியில் அவரே எழுதிவைத்தார்: "மனிதக் காலடி படாத காடு." காலடி படாத காடாம்! அப்படியானால் அவருடைய பெட்டியைச் சுமந்து வந்தவர் பறந்தா வந்தார்? மரத்தின் பருமன் தெரியட்டும் என்று அவரைத்தானே அடிமரத்தோடு அசையாமல் நிறுத்தியிருக்கிறார்! அளவுகோலாய் நின்றவர் ஆளாகத் தெரியவில்லை.

அந்த ஒற்றை வரியைத்தான் மரக்கம்பெனி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆளில்லாக் காடு, ஆகவே அரசின் காடு, ஆகவே எங்கள் குத்தகைக்கு வந்த காடு என்கிறது. நாளை நீதிமன்றத்தில் விசாரணை.

ஆனால் நீங்கள் படத்தைப் பார்த்ததும் ஆர்ப்பரித்தீர்கள். ஏன்? டுரியானும் ரம்புத்தானும் ஒரு மேட்டைச் சுற்றிக் கூடி நிற்கின்றன. உலை வைத்த இடத்தில்தான் அவை அப்படிக் கூடி நிற்கும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அது காடல்ல, ஒரு காலத்துக் குடியிருப்பு. தலைவர் தொடையைத் தட்டி, "நம்ம பாட்டனுங்க வச்ச மரம்யா. கேஸு முடிஞ்சுது" என்றார்.

முடிந்ததா? அந்த அடிமரத்தைப் பாருங்கள். நிற்பவர் இரு கை விரித்தாலும் பாதிகூட அடங்காது. நாமோ இந்த ஆற்றுக்கு ஏறிவந்தது படத்துக்கு ஒரு தலைமுறை முன்புதான் என்று நம் வம்சப் பாட்டிலேயே பாடுகிறோம். ஒரு தலைமுறையிலா இப்படிப் பருக்கும்? நாம் நடவில்லை என்றால், நட்டவர் யார்?

பின்வரிசையில் ஒருவர், மாப்பிள்ளையைக் கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான் என்கிறார். வாங்கியிருந்தால், ஐயா, உங்கள் ஓட்டைப் படகிலா வந்திருப்பேன்?

நமக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் புக்கித்தான் மக்கள். நாம் வந்தோம், அவர்கள் ஒதுங்கினார்கள். ஒதுங்கினார்களா, ஒதுக்கினோமா என்பதை மட்டும் நாம் பாடுவதில்லை. எஞ்சிய ஒரே குடும்பம் இந்த வீட்டின் கடைசி அறையில் இருக்கிறது: லிசுங்கின் தாயார் என்பதால் நாம் இண்டாய் லிசுங் என்று அழைக்கிறோமே, அவருடையது. டுரியான் உதிரும் காலத்தில் நாமெல்லாம் பொறுக்கி முடித்த பிறகுதான் அவர் மேட்டுக்குப் போகலாம். இந்த அவைக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. போன வாரம் அவர் தலைவரிடம் கேட்டார்:

"ஜெயிச்சா எனக்கும் அந்த மேட்டுல பங்கு உண்டாண்ணே?"

"விருந்தாளிக்கு உள்ள மரியாதை உனக்கு எப்பவும் உண்டு தங்கச்சி."

பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. நட்டவர் விருந்தாளி, வந்தவர் வீட்டுக்காரரா? காட்டில் ஆளே இல்லை என்றார் அந்த வெள்ளைக்காரர். எங்களைத் தவிர ஆளில்லை என்கிறோம் நாம். என்ன வேறுபாடு, பெரியோர்களே, என்ன வேறுபாடு?

நாம் நட்டோம் என்றால் மரத்தின் வயதே நம்மை மடக்கும். காடு கம்பெனிக்குப் போகும். அவர்கள் நட்டார்கள், பின்வந்த நாமும் சேர்ந்து காத்தோம் என்றால் காடு நிற்கும். அதை அங்கே சொல்ல உரிமையுள்ள வாய் ஒன்றே ஒன்று.

தலைவர் அவர்களே, படகு புறப்படுமுன் நீங்களே அந்தக் கடைசி அறை வரை நடந்துபோய், அவரைச் சாட்சி சொல்லக் கேளுங்கள். இனி பங்கு கேட்க வேண்டியவர்கள் நாம். மறுக்கும் உரிமை அவருடையது.

கசப்பையும் கடைசிவரை கேட்ட இந்த அவைக்கு என் கைகூப்பு. அனைவருக்கும் நன்றி, வணக்கம்.